சோளக் கொல்லையும் சயனைடு மேடும்: நைட்ரைலை வெட்டும் நொதிகளின் வரலாறு

"டேய், மாட்டை ஜொன்னக் கொல்லைப் பக்கம் ஓட்டாதே! பயிரு இன்னும் முழங்கால் உயரம் வரல, தெரியுதா?"

சித்தூர் ஜில்லாவில் குடியாத்தம் எல்லையை ஒட்டிய கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த அதட்டல் பழக்கமானதுதான். சோளம் என்று தமிழில் சொல்வதைவிட ஜொன்ன என்று தெலுங்கில் சொல்வதுதான் எங்கள் வீட்டிலும் வழக்கம். என் தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இளம் சோளப் பயிரும், வெயிலில் வாடிப்போய் மழைக்குப் பிறகு திரும்பத் துளிர்த்த பயிரும் மாட்டுக்கு எமன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பசு மேய்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கி விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். "பசும்புல்லுதானே தின்னுச்சு, அதுல எங்கிருந்து விஷம் வந்தது?" என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார் தாத்தா.

நம் மலர்களில் வரலாறு என்றால் கோயில், கல்வெட்டு, 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றுவிட்ட எல்லைக் கதை என்று நிறைய எழுதியாகிவிட்டது. இந்த முறை, "அது அப்படித்தான்" என்று தாத்தா விட்ட இடத்திலிருந்து ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த விஷம் என்ன, அதை முறிக்கும் கத்தி எது, அதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதே கதை. அந்தக் கத்திக்குப் பெயர் வைத்த இருவரில் ஒருவர், நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் பணிபுரிந்த விஞ்ஞானி. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விஷத்தின் பெயர்

1902-ல் லண்டனில் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு வேதியியலாளர்கள், எகிப்திலிருந்து வந்த இளம் சோளப் பயிரை ஆராய்ந்தார்கள். அங்கேயும் கால்நடைகள் அதைத் தின்று செத்துக்கொண்டிருந்தன. அவர்கள் பிரித்தெடுத்த பொருளுக்கு துரின் என்று பெயர் வைத்தார்கள். துரின் என்பது சர்க்கரையோடு கட்டிப்போடப்பட்ட விஷம். பயிர் நிற்கும்வரை ஆபத்தில்லை. மாடு கடித்து மென்றதும் இலையின் செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த துரினும் அதைப் பிரிக்கும் நொதியும் கலந்துவிடுகின்றன. முதலில் சர்க்கரை கழல்கிறது; அடுத்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அது உடம்பின் செல்கள் பிராணவாயுவைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். அதனால்தான் மாட்டுக்கு மூச்சு முட்டுகிறது. (இப்படி நேர்ந்தால் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும்; சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியாகப் போட்டுக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.)

இந்த விஷத்தின் உயிர்நாடி எங்கே இருக்கிறது? ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று கைகளால் கெட்டியாகக் கோத்துக்கொண்டிருக்கும் பிணைப்பில். அந்தப் பிணைப்பு உள்ள கரிமப் பொருள்களுக்கு நைட்ரைல் என்று பெயர். ஹைட்ரஜன் சயனைடை அந்தக் குடும்பத்தின் மிகச் சின்ன உறுப்பினர் என்று சொல்லலாம். எல்லா நைட்ரைலும் கொடிய விஷம் கிடையாது. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைலும் இந்தக் குடும்பம்தான்; அது விஷம், ஆனால் அதிலிருந்து செய்த நூல் விஷமில்லை.

இந்த மும்மடிப் பிணைப்பைச் சாதாரணமாக உடைக்க முடியாது. ரசாயன ஆலையில் வீரியமான அமிலமோ காரமோ ஊற்றிச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் வேண்டாத உப்பும் கழிவும் சேர்ந்தே வரும். ஆனால் உயிருள்ள செல் இதே வேலையை, பச்சைத் தண்ணீரில், அறை வெப்பத்தில் செய்துவிடுகிறது. எப்படி என்பதுதான் கேள்வி.

கத்திக்குப் பெயர் வைத்தவர்கள்

விடை கிடைத்தது விஷத்தைத் தேடிப் போனதால் அல்ல. செடி ஏன் வளர்கிறது என்ற வேறொரு கேள்வியிலிருந்து கிடைத்தது.

செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் என்ற பொருளை ஆராய்வதில் முன்னோடி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த கென்னத் திமான். ஆக்சின்களில் முக்கியமானது இண்டோல் அசெட்டிக் அமிலம். 1952-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் முட்டைக்கோஸிலிருந்து அதன் நைட்ரைல் வடிவத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒரு விசித்திரம். அந்த நைட்ரைல் ஓட்ஸ் நாற்றை வளரச் செய்தது. பட்டாணித் தண்டிடம் பலிக்கவில்லை. அப்படியானால் ஓட்ஸுக்குள் அந்த நைட்ரைலை அமிலமாக மாற்றும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், பட்டாணியில் அது இல்லை என்றுதானே அர்த்தம்?

திமானோடு சேர்ந்து அந்த ஏதோ ஒன்றைத் தேடியவர் எஸ். மகாதேவன். இருவரும் 1958-ல் 'நேச்சர்' இதழில் முதல் அறிவிப்பை வெளியிட்டார்கள். 1964-ல் பார்லி இலையிலிருந்து அந்த நொதியைப் பகுதியளவு தூய்மை செய்து, விரிவான இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நைட்ரிலேஸ். பல தாவரக் குடும்பங்களைச் சோதித்ததில், புல் குடும்பம், கடுகுக் குடும்பம், வாழைக் குடும்பம் ஆகியவற்றில்தான் அந்த நொதி தென்பட்டது. இண்டோல் நைட்ரைலை மட்டுமல்லாமல் வேறு பல நைட்ரைல்களையும் அது வெட்டுகிறது என்பதையும் காட்டினார்கள். அந்தக் கடைசி வரிதான் பின்னாளில் தொழிற்சாலைகளுக்குக் கதவைத் திறந்தது.

மகாதேவன் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றினார். நம் பெரியவர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்வார்களே, அதே இடம். நைட்ரைலை வெட்டுவது ஒரு பக்கம் என்றால், செடிக்குள் நைட்ரைல் எப்படி உண்டாகிறது என்ற மறுபக்கத்தையும் அவர் விடவில்லை. ஆக்சைம் என்ற பொருளிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று நைட்ரைல் உருவாவதை 1963-ல் காட்டினார். 1973-ல் ஆக்சைம்களைப் பற்றி உலகளாவிய ஆண்டு மதிப்பாய்வுத் தொகுதி ஒன்றில் எழுதினார்.

ஆமணக்கு மண்ணிலிருந்து

அதே 1964-ல் அமெரிக்காவில் ராபின்சன், ஹூக் என்ற இருவர் இன்னொரு நைட்ரிலேஸை வெளியிட்டார்கள். இது செடியில் இல்லை, மண்ணில் வாழும் பாக்டீரியாவில். அந்தப் பாக்டீரியாவுக்குச் சோறு என்ன தெரியுமா? ரிசினின். நம் ஆமணக்குச் செடியில் இருக்கும் ஒரு நைட்ரைல் அது.

ஆமணக்கை அறியாத வீடு நம்மிடம் உண்டா? விளக்கெண்ணெய் என்று தமிழிலும் ஆமுதம் என்று தெலுங்கிலும் சொல்லி, குழந்தை பிறந்ததிலிருந்து பயன்படுத்துகிறோம். நிலக்கடலைக் கொல்லையைச் சுற்றி வரப்பில் ஆமணக்கு நட்டுவைப்பதும் ராயலசீமையில் உண்டு. புழு முதலில் அதன் இலையைத் தேடிப் போகும், கடலை தப்பிக்கும். ஆனால் அந்த இலையையும் முத்தையும் மாடு தின்னவிடக் கூடாது என்பதும் நம்மவர்களுக்குத் தெரியும். எந்த ஆமணக்கைப் பார்த்து மாட்டை இழுத்துப் பிடிக்கிறோமோ, அதிலுள்ள ஒரு விஷப் பொருளை மட்டுமே தின்று வாழும் நுண்ணுயிர் மண்ணுக்குள் இருக்கிறது. விஷம் விழுகிற மண்ணில் அதை முறிக்கிற உயிரும் வளர்ந்துவிடுகிறது. இந்தப் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள்.

கியோட்டோவின் அறுவடை

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயாகி யமாடாவின் குழு, மண்ணில் நைட்ரைல் தின்னும் பாக்டீரியாக்களைத் தேடிப்பிடித்தது. 1980-ல் அசானோ, தானி, யமாடா மூவரும் புதிய வகை நொதி ஒன்றை அறிவித்தார்கள். நைட்ரிலேஸ் ஒரே வெட்டில் நைட்ரைலை அமிலமாகவும் அம்மோனியாவாகவும் ஆக்கிவிடும். இந்தப் புதிய நொதி அப்படிச் செய்யாமல், தண்ணீரை மட்டும் சேர்த்து, அமைடு என்ற நடுக்கட்டத்தில் நிறுத்திவிடும். மேற்கொண்டு அமிலமாக்க வேண்டுமானால் அமிடேஸ் என்ற இன்னொரு நொதி வர வேண்டும். புதிய நொதிக்கு நைட்ரைல் ஹைட்ரடேஸ் என்று பெயரிட்டார்கள்.

பாதியில் நிற்கும் வேலைக்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். வியாபாரமே அதில்தான் இருக்கிறது. அக்ரிலோநைட்ரைலை அந்தப் பாதியில் நிறுத்தினால் அக்ரிலமைடு கிடைக்கும். அதைக் கோத்துப் பாலிமராக்கினால், கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கவும், காகிதம் செய்யவும், எண்ணெய்க் கிணறுகளிலும் உதவும் பொருளாகிறது. முன்பு கந்தக அமிலத்தைக் கொண்டும், பிறகு தாமிர வினையூக்கியைக் கொண்டும் சூடேற்றிச் செய்தார்கள். 1985-ல் நிட்டோ ரசாயன நிறுவனம் ரோடோகாக்கஸ் என்ற மண் பாக்டீரியாவை வைத்து, ஏறக்குறைய ஐஸ் தண்ணீர்க் குளிரில் இதைச் செய்யத் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆண்டுக்கு 4,000 டன். 1991-ல் ஜே-1 என்ற இன்னும் வீரியமான வகை வந்தது. கோபால்ட் உப்பும் யூரியாவும் கொடுத்து வளர்த்தால், அதன் செல்லில் கரைந்திருக்கும் புரதத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒரே நொதியாக இருக்கும்! அதுவரை நுண்ணுயிர் என்றால் சாராயம், தயிர், விலை உயர்ந்த மருந்து என்றிருந்தது. டன் கணக்கில் விற்கும் சாதாரண ரசாயனத்தையும் பாக்டீரியா செய்யும் என்று உலகுக்குக் காட்டிய பெரிய உதாரணங்களில் இதுவும் ஒன்று. இன்று உலகில் ஆண்டுக்குப் பல லட்சம் டன் அக்ரிலமைடு இந்த வழியில் உற்பத்தியாகிறது.

மூவரில் ஒருவரான அசானோவின் குழு, பின்னாளில் ஆக்சைமை நைட்ரைலாக மாற்றும் நொதியைப் பாக்டீரியாவிலும் கண்டது. 2000-ல் அதைத் தூய்மை செய்து வெளியிட்டது. மகாதேவன் 1963-ல் செடியில் காட்டிய அதே மாற்றம்.

நம் நாட்டிலும் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மொஹாலி தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும், சிம்லா இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகத்திலும் நைட்ரைல் நொதிகளைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்துள்ளன. மருந்துத் துறையில் இதன் பயன் தனி. வலக்கை, இடக்கை போல இரு வடிவம் உள்ள மூலக்கூறில் மருந்துக்கு வேண்டியது ஒன்று மட்டும் என்றால், ரசாயனம் இரண்டையும் கலந்து கொடுக்கும். நொதி வேண்டியதை மட்டும் தேர்ந்து கொடுக்கும். சில ஆன்டிபயாடிக்குகளுக்கு வேண்டிய மேன்டலிக் அமிலத்தை இப்படித்தான் நைட்ரிலேஸால் செய்கிறார்கள்.

சோளம் தின்றவர்களின் நோய்

இப்போது சோளத்துக்கே திரும்புவோம், ஆனால் மாட்டுக்கு அல்ல, மனிதருக்கு. முற்றிய சோளத் தானியத்தில் துரின் ஆபத்து இல்லை. ஜொன்ன ரொட்டியைத் தைரியமாகச் சாப்பிடலாம். ஆனால் வேறெதுவும் இல்லாமல் சோளமே கதியென்று இருந்த தக்காண ஏழைகளுக்கு பெல்லக்ரா வந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிறு போகும், முற்றினால் புத்தி பேதலிக்கும். சேலத்தில் பிறந்து, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வளர்த்த டாக்டர் சி. கோபாலன், ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து 1960-ல் இந்த நோயைச் சோளத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணம் என்பது அவர்கள் கருத்து. அந்த விளக்கம் பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் மருந்தில் சந்தேகமில்லை: நிகோடினமைடு, அதாவது வைட்டமின் பி-3.

அந்த நிகோடினமைடை இன்று எப்படிச் செய்கிறார்கள்? சயனோபிரிடின் என்ற நைட்ரைலிலிருந்து. சுவிட்சர்லாந்தின் லோன்சா நிறுவனம் சீனாவின் குவாங்சோவில் அமைத்த ஆலையில், அதற்குக் கத்தியாக இருப்பது ஜப்பானியரின் அதே ஜே-1 பாக்டீரியா. இளம் சோளத்தில் மாட்டைக் கொல்வதும் நைட்ரைல். சோளம் தின்றவரின் நோய்க்கு மருந்தாவதும், வெட்டப்பட்ட நைட்ரைல்!

சயனைடு மேடு

நம் ஜில்லாவுக்கு இன்னொரு சயனைடுக் கதையும் உண்டு. குப்பத்தைத் தாண்டினால் கோலார் தங்கவயல். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து, அதாவது 1911-ல் சித்தூர் ஜில்லா பிரிவதற்கு முன் நாமெல்லாம் சேர்ந்திருந்த அதே ஜில்லாவிலிருந்து, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கே போய்ச் சுரங்கத்தில் இறங்கின. நம்மில் பலருக்கு அங்கே சொந்தம் இருக்கும். 1887-ல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை, அரைத்த பாறை மாவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்க வழி செய்தது. அந்த நூற்றாண்டு முடியுமுன்பே அது தங்கவயலுக்கும் வந்துவிட்டது. மிஞ்சிய மாவைக் கொட்டிக் கொட்டி மலையாக்கினார்கள். 2001-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நம் ஜில்லாவிலேயே குப்பம் பக்கம் இருந்த சிகரகுண்டா, பிசாநத்தம் சுரங்கங்களும் அதோடு நின்றன. சுரங்கம் போனது, வேலை போனது, சுமார் 3.3 கோடி டன் மண்மேடு மட்டும் தங்கவயலில் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும் என்று அங்குள்ள நம் உறவினர்கள் சொல்வார்கள்.

பெயர் சயனைடு மேடு என்றாலும், தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் நுண்ணுயிர்களாலும் ஆண்டுகள் போகப் போகச் சிதைந்துவிடும். உலோகத்தோடு கட்டுண்ட சயனைடுதான் நீண்ட காலம் தங்கும். சிலிக்காத் தூசும் உலோகக் கழிவும் அங்கே பெரிய கவலை. ஆனால் புதிதாகச் சயனைடு பயன்படுத்தும்போது, கழிவு நீரில் அது உடனடி ஆபத்து. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 1984 முதல் பாக்டீரியாக்களை வைத்தே அந்தக் கழிவு நீரைச் சுத்தம் செய்து ஓடையில் விட்டது. அங்கே வேலை செய்தவை வேறு வகை நொதிகள், நைட்ரிலேஸ் அல்ல. ஆனால் நைட்ரிலேஸ் குடும்பத்திலும் சயனைடை நேராக வெட்டும் நொதிகள் உண்டு. அதில் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? சோள இலையில் புள்ளி நோய் உண்டாக்கும் பூஞ்சையில்! சோளம் தன்னைக் காக்கச் சயனைடு விடும். பூஞ்சை அதை ஃபார்மமைடாக மாற்றிவிட்டு இலையைத் தின்னும். தாத்தாவின் கொல்லையிலேயே விஷமும் இருந்தது, விஷமுறியும் இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கவயல் மண்மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சிகரகுண்டா – பிசாநத்தம் பகுதியையும் ஏலத்தில் என்.எம்.டி.சி. எடுத்திருக்கிறது. வேலை வந்தால் நல்லதுதான், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் சயனைடைச் சிதைக்க உலகச் சுரங்கங்களில் இன்றும் பெரும்பாலும் ரசாயன முறைகளே உள்ளன. நம் ஊரில் எந்த முறை வைக்கப்போகிறார்கள், கழிவு நீர் எந்த ஏரிக்குப் போகும் என்று கேட்க, குப்பத்திலும் சித்தூரிலும் விஷயம் தெரிந்த நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் நம் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டுமே.

தாத்தாவுக்குச் சொல்லாத பதில்

கடைசியாக ஒரு திருப்பம். திமானும் மகாதேவனும் எந்த வேலைக்காக நைட்ரிலேஸைத் தேடினார்களோ, அந்த ஆக்சின் உற்பத்திக்கு அதுவே பிரதான வழி இல்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. பெரும்பாலான செடிகள் ஆக்சினை வேறு பாதையில் செய்கின்றன. அப்படியானால் செடிக்கு நைட்ரிலேஸ் எதற்கு? தனக்குள் உண்டாகும் சயனைடைத் தானே முறித்து, அதிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப உணவாக்கிக்கொள்ள உதவும் ஒரு வகை நைட்ரிலேஸ் உண்டு என்று 2001-ல் தெரியவந்தது. சோளத்தின் நைட்ரிலேஸ்கள் ஜோடி சேர்ந்து, சயனைடை வெளியே விடாமலே துரினைச் செரிக்க உதவுகின்றன என்று 2007-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆக, கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த பதில் இன்னொன்று. ஆனாலும் அந்தப் பதில் வீணாகவில்லை. பார்லி இலையை அரைத்துக்கொண்டிருந்த இருவரிடம் யாராவது போய், "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு நிறுத்தியிருந்தால் எவ்வளவு தாமதமாகியிருக்கும்? நம் பிள்ளைகள் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் எடுக்கிறேன் என்றால், "அதுல என்ன வேலை கிடைக்கும்?" என்று நாமும்தானே கேட்கிறோம். வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் ஏதோ ஓர் ஆய்வகத்தில், மண்ணைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அடுத்த முறை அப்படிக் கேட்பதற்கு முன், மகாதேவனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.

தாத்தா இன்று இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: "தாத்தா, அது சும்மா அப்படி இல்ல. மூணு கையால கோத்துக்கிட்டு இருக்கிற ஒரு கட்டு. அதை அவிழ்க்கிற கத்தியும் நம்ம ஜொன்னக் கொல்லையிலேயே இருக்கு." அவர் அதைக் கேட்டுவிட்டு, "சரிடா, அது இருக்கட்டும், மாட்டை அந்தப் பக்கம் விடாதே" என்றுதான் சொல்லியிருப்பார். அதுவும் சரிதான்.